ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு

அந்த நிகழ்ச்சிக்கு நான் போக வேண்டியவளே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில், கல்லூரிக்கு ஆசிரியர் இருவர், மாணவர் நால்வர், அலுவலகப் பணியாளர் ஒருவர் என்று கேட்டிருந்தார்கள். போவதாக இருந்த இளநிலை உதவியாளருக்கு முதல் நாள் இரவு காய்ச்சல் வந்துவிட்டது. முதல்வர் என் மேசைக்கு வந்து, "நீங்களே போய் வந்துவிடுங்கள் மேடம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்றார். 29 ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். போனேன்.

செப்டம்பர் 17. பெரியார் பிறந்த நாளைச் சமூகநீதி நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் அலுவலக வாசலில் வரிசையாக நின்று, "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்று தொடங்கும் உறுதிமொழியை எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிடுவோம். உறுதிமொழித் தாளை நகலெடுத்துக் கொடுப்பவள் நான்தான். இந்த முறை அந்தப் பத்து நிமிடம் ஒரு முழு நாளாக நீண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் "சமத்துவம், நிகர்நீதி, சமூகநீதி: ஒரு நாள் கற்றல்" என்று போட்டிருந்தது. நிகர்நீதி என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்த எங்கள் பேராசிரியையைக் கேட்டேன். "அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அக்கா, தமிழில் இன்னும் சரியாக உட்காரவில்லை" என்றார். உட்காராத அந்தச் சொல்லை நிற்கவைத்தே மதியம் வரை பேசினார்கள்.

முதலில் பேசியவர் 1944ஐ விட்டு நகரவே இல்லை. சேலத்துக்காரர், குற்றம் சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்த ஊரில் கூடிய மாநாட்டில்தான் நீதிக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. சர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களைக் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் அங்கேதான். இதைச் சொல்வதற்கு முன்னால், மேடையில் இருந்தவர்களுக்கு மாண்பமை, முனைவர், மேனாள் என்று அடைமொழி பிசகாமல் அவர் வணக்கம் சொல்லி முடிக்கவே 12 நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்ப்பவள். அலுவலகப் புத்தி.

அடுத்து வந்த பெண் வழக்கறிஞர் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தார். பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை அவர் ஒரு பதிவேட்டைப் படிப்பது போலப் படித்தார். நிரப்ப வேண்டிய ஒவ்வொரு 14 இடத்துக்கும் கணக்கு: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய ஆவணச் சொல்லில் அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மருத்துவப் படிப்புக்கான இந்த ஒதுக்கீட்டை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. இங்கே எழுந்த கொந்தளிப்பில், அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்ட வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் நான்காம் உட்பிரிவு 15ஆம் பிரிவில் சேர்ந்தது. இவ்வளவும் பலர் சொல்லிக் கேட்டதுதான். வழக்கறிஞர் சொன்ன ஒரு துணுக்குதான் புதிது: செண்பகம் துரைராஜன் கல்லூரியில் சேர விண்ணப்பமே கொடுத்திருக்கவில்லை. தீர்ப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. அதற்காக வழக்கு தள்ளுபடியாகவும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் சன்னலுக்கு வந்திருந்தால், "விண்ணப்பம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் திருத்தத்துக்கே வேலை இருந்திருக்காது.

சன்னல் என்று நான் சொல்வது எங்கள் அலுவலகத்தின் கம்பி வலைச் சன்னலை. அதில் தாள் நுழையும் அளவுக்கு ஒரு பிறைத் துளை உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாய் உயரத்துக்கு வைத்து வெட்டியது. வெளியே நிற்பவருக்கு அது இடுப்பு உயரம். பேச வேண்டுமானால் குனிந்துதான் ஆக வேண்டும். உயரமான பையன்கள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துப் பேசுவார்கள். அந்தப் பிறைக்கு அந்தப் பக்கம் 29 ஆண்டில் எத்தனை நெற்றிகளைப் பார்த்திருப்பேன்! முகம் நினைவிருக்காது. நெற்றியில் பூசிய திருநீறும், ஒட்டுப்பொட்டும், வியர்வையும் நினைவிருக்கும்.

இட ஒதுக்கீடு எனக்கு மேடைப் பொருள் இல்லை, கோடு போட்ட தாள். பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1, ஆக 69. 1993இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. அம்மாபேட்டைத் தறிக்காரர் மகளாகிய நானும் அந்த 30க்குள் ஒரு வரிசை எண்ணாகத்தான் வேலைக்கு வந்தேன். கடைசியில் நிற்கும் அந்த 1 மட்டும் எப்போதும் என் கண்ணை உறுத்தும். 200 இடத்துச் சுழற்சிப் பட்டியலில் அது 2 கட்டம். 60 பேர் சேரும் வகுப்பில் 0.6. முழு எண்ணாக்கினால் ஓர் ஆள். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு 1.1 தானே, கணக்கு சரிதானே என்பார்கள். சரிதான். ஆனால் சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. எங்கள் மாவட்டத்து ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட தொகுதி மாநிலத்தில் இரண்டே இரண்டு, மற்றொன்று பக்கத்துச் சேந்தமங்கலம். மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளுக்குச் சென்னைக்கும் சேலத்துக்கும் ஒரே 0.6.

அந்த ஒற்றை ஆள் எங்கள் நால்வரில் ஒருத்தியாக வந்திருந்தாள். இரண்டாம் ஆண்டு வணிகவியல். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். இன்னொருவன் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுப் பையன்; விரல் நுனிகளில் கண்ணி பற்றவைக்கும்போது சுட்ட தழும்புகள், வெள்ளை மிளகு பதித்தது போல. மற்ற இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். இவர்கள் இருவரும் கடைசி வரிசையில் என் பக்கத்தில்.

பதினொன்றரைக்கு அந்தப் படம் வந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களில் வந்தே தீரும் படம்: வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் ஆட்டம் நடக்கிறது. மூவருக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் நெட்டையனுக்கு அது தேவையே இல்லை, குட்டையனுக்குப் போதவில்லை. நெட்டையனின் பெட்டியை எடுத்துக் குட்டையனுக்குப் போட்டால் மூவரும் ஆட்டம் பார்க்கலாம். முதலாவது சமத்துவம், இரண்டாவது நிகர்நீதி. அழகான படம். கூடத்தில் எல்லாரும் கைபேசியில் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்தப் படத்தில் குட்டையன், தான் குட்டையன்தான் என்று யாரிடமும் சான்று வாங்கி வரவில்லை. அவன் அப்பாவும் குட்டையா, பெட்டிக்கு விண்ணப்பித்தவனும் வேலியோரம் நிற்பவனும் ஒரே ஆளா, பெட்டி எந்த வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் படத்தில் இல்லை. அந்த ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். பங்கீட்டில் குறை சொல்ல முடியாது. மேடைக்காரர்களுக்கு மட்டும் அப்பளம் இருந்தது.

பிற்பகலில் செயல்முறைப் பயிற்சி. நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு மாணவர்களைக் கூடத்தின் நடுவே ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் ஒலிவாங்கியில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். "படிப்பதற்கென்று வீட்டில் தனி மேசை இருந்தவர்கள் ஓரடி முன்னே வாருங்கள்." "அப்பாவோ அம்மாவோ கல்லூரிக்குப் போனவர்கள் ஓரடி முன்னே." "விடுமுறையில் கூலி வேலைக்குப் போனவர்கள் ஓரடி பின்னே." "ஊர்ப் பெயரைச் சொன்னதும், ஊரில் எந்தத் தெரு என்று கேட்கப்பட்டவர்கள் ஓரடி பின்னே." இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கூடத்தில் ஒரு மௌனம். நிறையக் கால்கள் பின்னே போயின. பையன்கள் சிலர் யோசித்து, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, பிறகு நகராமலே நின்றதையும் பார்த்தேன். நகர்ந்தால் தெரிந்துவிடும் அல்லவா?

எனக்கு எரிச்சலாக இருந்தது. முன்னே நிற்கும் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்காகப் பின்னே நிற்கும் பிள்ளையைக் கரும்பலகையாக்கிவிட்டார்கள். பதினைந்து வாக்கியம் முடிந்தபோது எங்கள் கொலுசுப் பையன் கடைசிக்கு முந்திய வரிசையில். மலைப் பெண்ணுக்குப் பின்னே போக இடமே இல்லை, சுவர்.

பேராசிரியர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். "அங்கே நிற்கும்போது உனக்கு என்ன தோன்றியதம்மா?"

"சுவர் இருந்தது சார். சாய்ந்துகொள்ள வசதியாக இருந்தது."

கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பேராசிரியர் எதிர்பார்த்த பதில் அது இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒலிவாங்கி கைக்கு வந்த பிறகு அவள் அதைத் திருப்பித் தருவதாக இல்லை. தாங்கள் மலையாளி சமூகம் என்றாள். முன் வரிசையில் யாரோ "கேரளமா?" என்றார்கள். "இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வோம். வீட்டில் தமிழ்தான். வங்கியிலும் இப்படித்தான் கேட்டார்கள்" என்றாள். பிறகு, அவளுடைய அத்தை ஒருவரை ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கட்டிக்கொடுத்த கதை வந்தது. இவளுக்குப் பழங்குடிச் சான்று உண்டு. அத்தை பிள்ளைகளுக்கு இல்லை. ஏனென்றால் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களையும் எழுதியிருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு அதில் இல்லை. அந்தப் பக்கத்து மலையாளிகள் தங்களையும் சேர்க்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "திருவிழாவுக்கு எல்லாரும் சேர்வராயன் கோயிலுக்குத்தான் வருவார்கள் சார். மலையில் நின்றால் ஒரே ஆட்கள். கீழே இறங்கினால் வேறு வேறு" என்றாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் பெருமையாகக் கைதட்டியிருப்பேன். "மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சாதிச் சான்றில் வட்டாட்சியர் கையெழுத்துப் போடுகிறார். எங்களுக்கு மட்டும் ஏன் கோட்டாட்சியர்?" என்று கேட்டாள். வழக்கறிஞர் எழுந்து, பழங்குடிச் சான்றில் போலிகள் நிறைய வந்ததால் மேலதிகாரி விசாரித்துத் தர வேண்டும் என்று வைத்தார்கள் என விளக்கினார். "போலிகள் நாங்கள் இல்லையே மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை என்று சொல்ல மாட்டேன். தெரிந்த முகத்தைத் தேடும் பார்வைதான். எனக்குத்தான் சுட்டது.

முதலாம் ஆண்டில் அவளுடைய உதவித்தொகைக் கோப்பு என் மேசைக்கு வந்தது. வருமானச் சான்று பழைய ஆண்டுக்கு உரியது. சன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்து, "புதிதாக வாங்கி வா கண்ணு" என்றேன். பதினைந்து நாள் கழித்து வாங்கி வந்தாள். அப்போது பார்த்தால் முதலெழுத்தில் வேறுபாடு. மேல்நிலை மதிப்பெண் பட்டியலில் அவளுக்கு முன்னால் 'வெ', சாதிச் சான்றில் 'வே'. அவள் அப்பா பெயர் வெங்கட என்று தொடங்குவது. வேங்கட என்றும் எழுதுவார்கள். தமிழாசிரியரைக் கேட்டால் இரண்டும் அதே திருவேங்கட மலைதான் என்பார். கணினி மலையைப் பார்க்காது, கொம்பைத்தான் பார்க்கும். ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா? "சாதிச் சான்றைத் திருத்தி வா" என்றேன். இதற்குச் சில வாரங்கள். மூன்றாவது முறை வந்தபோது வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படவில்லை. மறுபடியும் அனுப்பினேன்.

ஒவ்வொரு முறையும் அவள் ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்து, அந்தந்த அலுவலகத்தில் காத்திருந்து, அன்று அதிகாரி முகாமுக்குப் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். கூட வந்த அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் அன்றைய கூலி போயிற்று. உதவித்தொகை கைக்கு வந்தபோது அடுத்த கல்வியாண்டே தொடங்கிவிட்டது.

நான் விதியை மீறவில்லை. மூன்று குறையும் உண்மையான குறைதான். ஆனால் மூன்றும் முதல் நாளே அந்தக் கோப்புக்குள் இருந்தன. முதல் தாளில் ஒரு குறை கண்டதும் மீதித் தாள்களைப் புரட்டாமல் கோப்பை மூடித் திருப்பித் தருவது எங்கள் வழக்கம். எனக்கு முன்னால் இருந்த கண்காணிப்பாளர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். வரிசை வேகமாக நகரும். முதல் நாளே கடைசித் தாள் வரை பார்த்து, "இந்த மூன்றையும் சரிசெய்து ஒரேயடியாக வா" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று அந்தக் கூடத்தில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மனத்துக்குள்ளேயே ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு நிமிடம். அடைமொழி சேர்த்து வணக்கம் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு.

நாலேகால் ஆனபோது அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஏற்காட்டில் அவள் ஊர்ப்பக்கம் போகும் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமானால், ஐந்து மணிக்குள் புதிய பேருந்து நிலையத்தில் மலைப் பஸ் ஏறியாக வேண்டும். "நிறைவு விழா ஐந்து மணிக்குத்தானே, இருக்க முடியாதா?" என்று கேட்டார் பேராசிரியை. "இருந்தால் ஏற்காட்டிலேயே தங்க வேண்டும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நிறைவு விழாவில் துணைவேந்தர் சார்பில் வந்தவர், இன்றைய கலந்துரையாடலில் மலைவாழ் மாணவி ஒருவர் எழுப்பிய கேள்வி நம் எல்லார் மனச்சான்றையும் தொட்டது என்று பேசினார். அந்த மாணவி அப்போது கோரிமேட்டைத் தாண்டியிருப்பாள்.

பங்கேற்புச் சான்றிதழ்களை வாசலில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். மாலை வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என்னுடையதை வாங்கிக்கொண்டு, அவளுடையதையும் கொடுங்கள் என்றேன். அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், ஆய்வு மாணவர். மிகவும் பணிவாக, "ஆள் நேரில் வர வேண்டும் மேடம். மாலைக் கையெழுத்து இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

"நாள் முழுவதும் இருந்தாளே தம்பி. உங்கள் ஆள்தானே ஒலிவாங்கியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்?"

"தெரியும் மேடம். என்ன செய்வது, விதிமுறை."

அவர் சொன்ன தொனி எனக்கு அத்துப்படி. கோபம் துளியும் இல்லாத, பணிவான, கொஞ்சம் வருத்தமும் கலந்த தொனி. அதை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கல்லூரி முதல்வரிடமிருந்து கடிதம் வந்தால் அனுப்பிவைக்கலாம் என்றார் அவர். எங்கள் கல்லூரியில் முதல்வர் கடிதம் என்பது நான் தட்டச்சு செய்து, அவர் படிக்காமல் கையெழுத்திடுவது. மறுநாளே போட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வைத்து, ஒரு சான்றிதழுக்கு ஒரு பக்கக் கடிதம்.

ஒன்பதாம் நாள் எங்கள் அலுவலக உதவியாளர் தபாலோடு சேர்த்து அதைக் கொண்டு வந்து வைத்தார். வழவழப்பான தாள், ஓரத்தில் பொன்னிறக் கோடு. பதிவேட்டில் ஏற்றிவிட்டு, இடைவேளையில் அவளை வரச் சொன்னேன். சன்னலுக்கு அல்ல, உள்ளே. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை; நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாளை நீட்டினேன். பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு மேசையில் வைத்து, பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

'வே.'

"இதற்கும் கோட்டாட்சியரிடம் போக வேண்டுமா மேடம்?" என்றாள்.